காம்பவுண்டுக்கு உள்ளே ஒரு பெயர்

அந்த மனிதர் சபை காம்பவுண்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி என்னிடம் வழி கேட்டு முப்பத்தெட்டு நாளும் இருபது மணி நேரமும் ஆகியிருந்தன. சனிக்கிழமை காலை ஆறரை மணி. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டிக்காக எங்கள் வாலிபர் ஐக்கியம் நின்றுகொண்டிருந்தது. பதினோரு பேர். காலடியில் இரண்டு மூட்டை சுண்ணாம்பு, நீலப் பொட்டலம், நார் மட்டைகள், ஒரு சாக்கில் அரிசி. ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும், கிறிஸ்துமஸ் பாடல்கள் தொடங்குவதற்கு முன்னால், மலைமேல் இருக்கும் சின்ன ஜெப வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போவது எங்கள் வழக்கம். மற்ற வருடங்களில் பேருந்து நிலையத்திலேயே பாட்டு தொடங்கிவிடும். டீக்கடைக்காரர் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்பார். இந்த முறை கமலா அக்காவைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். சந்தோஷ் அண்ணன் சுண்ணாம்பு மூட்டை அருகே தனியாக நின்றார். நான் இரண்டு பக்கமும் சேராமல், இரண்டு பக்கப் பேச்சும் கேட்கிற தூரத்தில் நின்றேன்.

எங்களில் பெரும்பாலோருக்கு இரண்டு பெயர். ஆதிதிராவிடர் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்தால் சட்டப்படி எஸ்.சி. இல்லை, பி.சி. ஆகிவிடும். குடியிருக்கும் தெரு மாறாது, செய்யும் கூலி வேலை மாறாது, ஊர்க்காரர்கள் கூப்பிடும் விதம் மாறாது. சர்டிபிகேட் மட்டும் மாறும். அதனால் எங்கள் வீடுகளில் சர்டிபிகேட்டை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நான் கண்ணகி, இந்து ஆதிதிராவிடர். சபை காம்பவுண்டுக்கு உள்ளே எஸ்தர். கமலா அக்கா உள்ளே மார்த்தா. பாவாடை உள்ளே பிலிப்பு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டைத் தாண்டும்போது செருப்பை மாட்டிக்கொள்வதுபோல சர்டிபிகேட் பெயரையும் மாட்டிக்கொண்டு வெளியே வருவோம்.

ஐக்கியத்தின் தலைவரான சந்தோஷ் அண்ணனுக்கு ஒரே பெயர்தான். அவர் தாத்தா பள்ளிக்கூடப் பதிவேட்டில் கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டார். அப்பாவுக்கும் அதுவே தொடர்ந்தது. அண்ணன் கடைத்தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறார். கமலா அக்காவுக்கு லோயரும் ஹையரும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இருவரும் ஒன்றாக குரூப் ஃபோர் எழுதினார்கள். அவருக்குப் பதினோரு மார்க் அதிகம். ஆனால் வேலை கமலா அக்காவுக்குக் கிடைத்தது, உளுந்தூர்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அன்று இன்ஸ்டிடியூட்டில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான்.

அந்த வருடம் தலித் கிறிஸ்தவர்களுக்கும் எஸ்.சி. சலுகை வேண்டும் என்று ஊர் ஊராக ஊர்வலமும் உண்ணாவிரதமும் நடந்தன. எங்கள் சபைக்கும் கையெழுத்துத் தாள்கள் வந்தன. பெயர், தகப்பன் பெயர், சாதி, ஞானஸ்நானம் பெற்ற வருடம். எங்கள் பதினோரு பேரில் இரண்டு பேரால்தான் கையெழுத்துப் போட முடிந்தது. ஒருவர் சந்தோஷ் அண்ணன். மற்றவன் காசிநாதன். அவன் கல்வராயன் மலைக்காரன், ஹாஸ்டலில் தங்கி ஐ.டி.ஐ. படிக்கிறவன். மலைவாசிகளுக்கு எஸ்.டி. சலுகை மதம் பார்த்துத் தரப்படுவதில்லை. அதனால் அவனுக்கு அந்தத் தாள் தேவையே இல்லை. யாருக்குத் தேவையோ அவர்களால் அதில் பெயர் எழுத முடியாது. எழுதினால் அதுவே எங்களுக்கு எதிரான சாட்சி.

"உங்களுக்காகத்தானப்பா கேக்கறாங்க. நீங்களே ஒளிஞ்சிக்கினா எப்பிடி?" என்று கையெழுத்துக்காகக் கூட்டிய கூட்டத்தில் சந்தோஷ் அண்ணன் கேட்டார். "எங்க தாத்தா ஒளியல. அதுக்கு நான் இன்னிக்கும் வெல குடுத்துக்கினு இருக்கேன்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் நாலாம் தேதி கமலா அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. சாதிச் சான்று சரியில்லை, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். அவர் அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். தாலுகா ஆபீசுக்குப் போய் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஒரு குமாஸ்தா மனமிரங்கி, "உங்க சபையில இருக்கறவங்களே சொல்லிட்டாங்களேப்பா, நாங்க இன்னா பண்றது?" என்றாராம். அவ்வளவு போதுமாயிருந்தது. மொட்டைக் கடுதாசி என்றார்கள். டைப் அடித்த கடுதாசி என்றார்கள். யாரும் அதைப் பார்க்கவில்லை. பதினோரு மார்க்கை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

கடுதாசியே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

அக்டோபர் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் காம்பவுண்டுக்கு உள்ளே ஞாயிறு பள்ளிக்கான சார்ட்டை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தேன். வேற்று மனிதர்களிடம் எனக்குப் பேச வராது. கல்லூரியில் மூன்று வருடமும் வைவாவில் விடை தெரிந்தும் மார்க் இழந்தவள் நான். அந்த மனிதருக்கு அப்பா வயது இருக்கும். சட்டை முதுகில் நனைந்திருந்தது. தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஏம்மா, கமலான்னு ஒரு பொண்ணு, உளுந்தூர்பேட்டையில டைப்பிஸ்ட்டா இருக்குதாமே, வூடு எங்க?" என்றார்.

அவர் கேட்டுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே நின்றேன்.

"எங்க மார்த்தா அக்காவா?" என்றேன். "பச்சக் கதவு, மூணாவது வூடு."

"மார்த்தாவா?"

"ஆமாங்க. எங்க கொயர்ல அவங்கதான் மொதல் வாய்ஸ். ஞாயித்துக்கெழம வந்தீங்கன்னா கேக்கலாம். சின்ன வயசுலேருந்து இங்கதான் பாடறாங்க."

நீள நோட்டு ஒன்றில் ஏதோ எழுதிக்கொண்டார். நல்லதும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பச்சைக் கதவுப் பக்கம் திரும்பாமல் கடைத்தெருப் பக்கம் போனதைக்கூட நான் கவனித்தேன். அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் சாதிச் சான்றை விசாரிக்க வந்தவர் அவர் என்று நோட்டீஸ் வந்த பிறகுதான் புரிந்தது. அன்று மத்தியானம் அம்மாவிடம், "இன்னிக்கி ஒருத்தர்கிட்ட நல்லா பேசனேம்மா" என்றேன். அம்மாவும் சந்தோஷப்பட்டாள்.

நான் பொய் சொல்லியிருந்தால் யோசிப்பதற்கு எளிதாக இருந்திருக்கும். பொய்க்கு மன்னிப்புக் கேட்கும் முறை எங்களுக்குத் தெரியும். உண்மை சொன்னதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இன்னொன்றும் இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து எனக்கு கார்டு வந்திருந்தது. மலைமேல் உள்ள அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் ஆய்வக உதவியாளர், எஸ்.சி. இடம், டிசம்பர் நாலாம் தேதி இன்டர்வியூ. நான் வாயைத் திறந்தால், கமலா அக்காவின் வீட்டார் ஒரே ஒரு தபால் அட்டை எழுதினால் போதும். எழுதினால் அதைத் தப்பென்று என்னால் சொல்ல முடியாது.

பேருந்தில் கமலா அக்கா பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மேலே ஏறத் தொடங்கியதும் குளிர் வந்தது. ஜன்னல் ஓரத்தில் மரவள்ளிச் சரிவுகள் மழையில் கழுவப்பட்டுச் சிவந்து கிடந்தன. அக்கா பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். ஸ்டிக்கர் பொட்டு. நான்கு எடுத்தது போக எட்டு மீதி இருந்தது.

"நாலாந்தேதி மறக்காம வெச்சிக்கினு போ. வளையலும் போட்டுக்கோ. கழுத்துல சிலுவ கிலுவ எதனா இருந்தா கழட்டிடு."

"உங்களுக்குக்கா?"

"எனக்கு இனிமே இன்னாத்துக்கு?" ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, "இவங்க எல்லாரும் எனக்காகப் பேசறேன் பேசறேன்னு அந்தாள பத்தி ஜாஸ்தி பேசறாங்க. எனக்குத் தல வலிக்குது. நீ ஒருத்திதான் வாயே தொறக்கல. அதான் உன் பக்கத்துல குந்தினேன்."

நான் அட்டையைக் கைப்பைக்குள் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தேன். ஓரங்கள் வியர்வையில் மெத்தென்று ஆயின.

வெள்ளிமலையில் இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மூட்டைகளை ஆண்கள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். சந்தோஷ் அண்ணன் தோளிலிருந்து மட்டும் யாரும் வாங்கவில்லை. கடைசியில் காசிநாதன்தான் வாங்கினான். "குடுண்ணே. எங்க ஊரு சாமிக்கு உங்க ஊரு சுண்ணாம்பு. நான் தூக்கனா கணக்கு செரியா போவும்" என்றான்.

அந்த ஜெப வீடு ஒரே ஒரு அறை. மண் சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் ஒரு பலா மரம். சுற்றிலும் காம்பவுண்டு கிடையாது. கேட்டும் கிடையாது. மழையில் சுவர் அடிப்பாகம் பாசி பிடித்திருந்தது. ஊர்க்காரர்கள் தொட்டியைக் கழுவி வைத்திருந்தார்கள். சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் அது கொதித்துப் புகைந்தது. பாவாடை அதில் இரண்டு முட்டைகளைத் துணியில் கட்டிப் போட்டான். வருடா வருடம் போடுவான். வருடா வருடம் முட்டை வெடிக்கும்.

கொதி அடங்கியதும் சந்தோஷ் அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டார். காகிதத் துண்டுகளில் பெயர் எழுதித் தொப்பியில் போட்டிருந்தார். "ரெண்டு ரெண்டு பேரா அடிக்கலாம். ஒருத்தர் ஏணியில, ஒருத்தர் புடிச்சிக்கணும். யாருக்கு யாரு வருதோ, மாத்தக் கூடாது." பழைய மாதிரி ஆகிவிடும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். பேசவைக்க முடியாவிட்டாலும் ஒரே ஏணியில் நிற்கவைத்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். கமலா அக்கா ஒரு துண்டை எடுத்துப் பிரித்தார். சந்தோஷ் என்று இருந்தது.

"போச்சு" என்றான் பாவாடை. "ஏணிக்கும் சேத்து ஜெபம் பண்ணிக்குங்கப்பா."

யாரும் சிரிக்கவில்லை. "நான் ஏறறேன்" என்றார் சந்தோஷ் அண்ணன். "நீ புடிச்சிக்கோ மார்த்தா."

ஈரச் சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பதில்லை. அடிக்கும்போது தண்ணீர் நிறத்தில்தான் ஓடும், பழைய கறையெல்லாம் அப்படியே தெரியும். புதிதாக அடிப்பவர்கள் பயந்து மேலும் மேலும் பூசுவார்கள். காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு அது காயக் காயத்தான் வெள்ளையாகும். மூடிய அறையில், நாம் விடும் மூச்சும் அதில் சேரும். போன வருடம் இதை நான் கமலா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அக்கா எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லி, "நம்ம எஸ்தரு படிச்ச புள்ள" என்று பெருமைப்பட்டார்.

நானும் காசிநாதனும் எதிர்ச் சுவரில் இருந்தோம். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். அக்கா ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பி. அரைமணி நேரம் அப்படியே போனது. பாதிச் சுவர் முடிந்தது. மேலேயிருந்து அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மார்த்தா, கலெக்டருக்கு ஒரு மனு அடிச்சி வெச்சிருக்கேன். உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதுல எந்த இடத்துலயும் பொய் இல்லாம…"

"நீங்களே போட்டு அனுப்பிக்குங்க" என்றார் அக்கா. "லெட்டர் அடிக்கறது உங்களுக்குப் பழக்கம்தான."

பிடியை விட்டுவிட்டு இரண்டடி நகர்ந்தார். தள்ளவில்லை. கையை எடுத்தார், அவ்வளவுதான். தரை ஈரமாக இருந்தது. ஏணியின் ஒரு கால் வழுக்கியது. அண்ணன் உத்திரத்தைப் பிடித்துக்கொண்டார். ஏணி உச்சியில் தொங்கிய சுண்ணாம்பு வாளி கவிழ்ந்து அவர் முகத்தில் கொட்டியது.

அதன் பிறகு நான் போட்ட சத்தம் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. கண்ணைக் கசக்காதீங்க என்றேன். படுக்க வையுங்க என்றேன். தண்ணி, தண்ணி, குடம் குடமா என்றேன். சுண்ணாம்பு காரம். கண்ணில் தங்கினால் அரித்துக்கொண்டே போகும். இருபது நிமிடம் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். அண்ணன் தலையை என் மடியில் வைத்து, இமையை விரலால் விரித்து, செம்பு செம்பாக ஊற்றினேன். ஆயிரத்து இருநூறு எண்ண வேண்டும். காசிநாதன் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சுனையிலிருந்து குடங்களைக் கொண்டுவந்தார்கள். கமலா அக்காவும் கொண்டுவந்தார். அவர் குடத்தை வைத்தபோது பாதி கீழே சிந்தியது.

"எஸ்தருக்குத் தொண்ட இருக்குது பாரேன்" என்றான் காசிநாதன், பயத்தில்.

முன்னூறு எண்ணியபோது அண்ணன் பேசினார். தண்ணீர் வாயில் ஓடியது. "கைய எடுத்துட்டா."

"பேசாதீங்கண்ணே."

"நான் எழுதனேன்னு நெனச்சிக்கினு இருக்கா. அப்பிடி நெனச்சா எடுக்காம இன்னா பண்ணுவா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீயாவது நம்பறியா?"

"நம்பறேன்" என்றேன். நம்புவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. நம்ப வேண்டிய அவசியமே இல்லாத ஒரே ஆள் நான்தான். அவர் மூடியிருந்த மற்றொரு கண்ணோரமும் நனைந்தது. அது நான் ஊற்றிய தண்ணீராகவும் இருக்கலாம். எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுப் பஞ்சு வைத்து ஒட்டினார்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, உடனே கழுவியதால் பிழைத்தது என்றார்களாம். அண்ணனும் காசிநாதனும் திரும்பும்போது மணி நாலு. பாதி அடித்த சுவரை யாரும் தொடவில்லை. வழக்கப்படி நாலரை மணிக்குச் சாட்சிக் கூட்டம். எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக எழுந்து முதலில் பெயரைச் சொல்லி, அந்த வருடம் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆறு வருடமாக நான் எழுந்து, "என் பேரு எஸ்தர், எனக்காக ஜெபம் பண்ணிக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அதற்கே பாவாடை கை தட்டுவான்.

அன்று சந்தோஷ் அண்ணன் முதலில் எழுந்தார். ஐக்கியத்தின் நோட்டையும் அலமாரிச் சாவியையும் பாயின் நடுவில் வைத்தார். "என் பேரு சந்தோஷ். இந்த வருஷம் எனக்கு நடந்தது உங்களுக்கே தெரியும்" என்றார். "நான் இருந்தா இது சேராது. நாளையிலேருந்து வேற யாராச்சும் பாத்துக்குங்க. நான் பக்கத்து சபைக்குப் போய்க்கறேன்." உட்கார்ந்தார். பஞ்சு ஒட்டிய பக்கம் கமலா அக்கா இருந்தார். அவரால் அக்காவைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. அக்காவால் அவரைப் பார்க்க முடிந்தது. ஆனால் அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவியை யாரும் எடுக்கவில்லை. பாவாடை பாய்க் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். வெளியே பலா மரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். பிறகு, முப்பத்தொன்பது நாளாக நான் செய்வது இதுதான் என்று தெரிந்தது.

எழுந்தேன். பொட்டு அட்டை இன்னும் கையில் இருந்தது.

"என் பேரு எஸ்தர்" என்றேன். கை தட்டப் பாவாடை கையைத் தூக்கினான். நான் உட்காராததைப் பார்த்து இறக்கிக்கொண்டான். "சர்டிபிகேட்டுல என் பேரு கண்ணகி. இந்து ஆதிதிராவிடர்னு போட்டிருக்குது. நாலாந்தேதி அதக் காட்டித்தான் இன்டர்வியூவுக்குப் போவணும்."

"எஸ்தரு, குந்து" என்றார் கமலா அக்கா மெதுவாக. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். "இதெல்லாம் எதுக்கு இப்ப?"

அட்டையை அவர் முன்னால் பாயில் வைத்தேன்.

"அக்கா, கடுதாசி எதுவும் இல்ல. அக்டோபர் பதினேழாந்தேதி பத்தர மணிக்கு ஒருத்தர் கேட்டாண்ட வந்து உங்க வூடு எதுன்னு கேட்டாரு. மார்த்தான்னு சொன்னது நான். சின்ன வயசுலேருந்து நம்ம கொயர்ல பாடறீங்கன்னு சொன்னதும் நான்தான்."

கமலா அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால், அண்ணன் காலையில் அடித்துப் பாதியில் விட்ட சுவர் இன்னும் ஈரமாக, தண்ணீர் நிறத்தில் இருந்தது.